கடல் நீலப்பசும்பாசியிலிருந்து மருந்து: மில்லிகிராமைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்க ஒரு முழு வழிகாட்டி

பிரென்டுக்சிமாப் வெடோட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் 2011 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு இதைத் தருகிறார்கள். அந்த மருந்தில் செல்லைக் கொல்லும் பகுதியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஒரு கடல்முயலிடம், அதாவது நத்தைக்கு உறவான ஒரு கடல் உயிரிடம், போய் நிற்கும். இன்னும் ஓரடி போனால், அந்தக் கடல்முயல் மேய்ந்த சயனோபாக்டீரியாவில் முடியும். நம் பாடப்புத்தகங்கள் நீலப்பசும்பாசி என்று சொல்வது இதைத்தான்.

அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ராபர்ட் பெட்டிட் 1972-ல் இந்தியப் பெருங்கடலிலிருந்து டோலபெல்லா ஆரிகுலேரியா என்ற கடல்முயலைச் சேகரிக்கத் தொடங்கினார். அதிலிருந்து பிரித்த டோலாஸ்டாட்டின் 10 என்ற சேர்மத்தின் அமைப்பை 1987-ல்தான் வெளியிட முடிந்தது. டன் கணக்கில் கடல்முயலைச் சாறெடுத்தும் தேறியது முப்பது மில்லிகிராமுக்குள். 2001-ல் ஹென்ட்ரிக் லூஷ், ரிச்சர்ட் மூர், வலேரி பால் உள்ளிட்ட குழு, பலாவ் தீவு நாட்டில் சேகரித்த சிம்ப்ளோகா என்ற சயனோபாக்டீரியாவிலிருந்தே அதே டோலாஸ்டாட்டின் 10-ஐ எடுத்துக் காட்டியது. கடல்முயல் அதைத் தயாரிக்கவில்லை, தின்று சேர்த்து வைத்திருந்தது.

1972-லிருந்து 1987 வரையிலான அந்தப் பதினைந்து வருடத்தில் பெரும்பகுதி சரக்குப் பற்றாக்குறையிலேயே போனது. இந்தத் துறையில் யாருடன் பேசினாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வருவார்கள். செல்லைக் கொல்லும் சாறு ஒன்றைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. கையில் இருக்கும் ஒன்றிரண்டு மில்லிகிராமை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில்தான் வேலை நிற்கிறது, விழுகிறது. அதனால் ஒவ்வொரு படியிலும் இது எவ்வளவு சரக்கைத் தின்னும், திரும்ப எவ்வளவு கைக்கு வரும் என்ற கேள்வியோடேயே எழுதுகிறேன். இயற்கைப்பொருள் வேதியியலில் புதிதாகக் காலெடுத்து வைக்கும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களை மனதில் வைத்த வழிகாட்டி இது.

எதைத் தேடுவது

எல்லா சயனோபாக்டீரியாவும் சமம் இல்லை. மருந்தாகத் தகுந்த சேர்மங்களில் பெரும்பங்கைத் தந்தவை வெப்பமண்டலக் கடலில் வளரும், கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கற்றையாகவோ விரிப்பாகவோ படரும் இழை வகைகள். பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இவை பெரும்பாலும் லிங்பியா மஜஸ்குலா அல்லது சிம்ப்ளோகா என்ற பெயரில் இருக்கும். இந்தப் பெயர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். நுண்ணோக்கியில் ஒன்று போலத் தெரியும் இழைகள், பாக்டீரியாவின் உறவுமுறையைக் காட்டும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. வரிசையைப் படித்தால் வெவ்வேறு குடும்பங்களில் போய் விழுகின்றன. லிங்பியா மஜஸ்குலா என்று அழைத்தவற்றில் ஒரு கூட்டத்தை 2012-ல் மூரியா என்ற தனிப் பேரினமாக்கினார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு உயிரிக்கு இருந்ததால் 2019-ல் அதை மூரீனா என்று மாற்றினார்கள். டோலாஸ்டாட்டின் தரும் சிம்ப்ளோகா இப்போது கால்டோரா. அதனால் கட்டுரை தேடும்போது பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். இல்லையென்றால் பாதி இலக்கியம் கண்ணிலேயே படாது.

மூரீனா மீது இவ்வளவு கண் இருப்பதற்குக் காரணம் அதன் மரபணுத்தொகுதி. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த மாதிரி விசேஷ சேர்மங்களைக் கட்டுவதற்கென்றே இருக்கிறது. ஒரு நுண்ணுயிர் தன் மரபணுவில் இவ்வளவை வேதிப்போருக்கு ஒதுக்குவது சாதாரணம் இல்லை. மேயும் மீனும் நத்தையும் சூழ்ந்த பவளத்திட்டில், ஓடவும் ஒளியவும் முடியாமல் உட்கார்ந்திருக்கும் உயிருக்கு இது பாதுகாப்பு என்பதுதான் வழக்கமான விளக்கம்.

தண்ணீரில் இறங்குமுன் தாள் வேலை

யாருக்கும் பிடிக்காத பகுதி, ஆனால் தள்ளிப்போட முடியாது. உயிர்ப்பொருளைப் பயன்படுத்துவதால் வரும் பலனை மூலநாட்டோடு பகிர வேண்டும் என்று சொல்லும் நகோயா ஒப்பந்தம் 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவில் 2002-ன் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதை நடத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான். வெளிநாட்டு ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்வதாக இருந்தாலோ, கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்பதாக இருந்தாலோ முதலில் அங்கே விசாரியுங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா போன்ற இடங்களில் வனத்துறை அனுமதி தனி. அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரியில் எவ்வளவு அருமையான சேர்மம் கிடைத்தாலும் எந்த மருந்து நிறுவனமும் அதைத் தொடாது.

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடலாம். எல்லோரும் கடலில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் சயனோபாக்டீரியாவுக்கென்றே ஒரு தேசிய வசதி இருக்கிறது, வளர்ப்புச் சேகரத்தோடு. அடையாளம் தெரிந்த, வளர்க்கக்கூடிய ஒரு வகையிலிருந்து தொடங்கினால், பிற்பாடு வரும் சரக்குப் பிரச்சினையில் பாதி முதல் நாளே தீர்ந்துவிடும்.

சேகரிப்பு

ஆழமற்ற பவளத்திட்டு, கடற்புல் படுகை, அலையாத்தி வேர்கள், துறைமுகச் சுவர் எல்லாம் தேட வேண்டிய இடங்கள். அப்ராடாக்சின் என்ற சேர்மத்துக்கு அந்தப் பெயர் குவாம் தீவின் அப்ரா துறைமுகத்தால் வந்தது. லார்கசோல், ஃபுளோரிடாவின் கீ லார்கோவால். கோயிபமைட், பனாமாவின் கோயிபா தேசியப் பூங்காவால்.

கையுறை கட்டாயம். 1958-ல் ஹவாயின் ஓஆஹு தீவில் கடலில் குளித்தவர்களுக்குத் தோல் வெந்தது போலக் கொப்புளம் வந்தது. காரணம் இந்த லிங்பியா. பிற்பாடு அதிலிருந்து பிரித்த டிப்ரோமோஅப்ளீசியாடாக்சின், லிங்பியாடாக்சின் ஏ இரண்டும் புரோட்டீன் கைனேஸ் சி-யைத் தூண்டி, கட்டி வளர்வதை ஊக்குவிப்பவை என்று தெரிந்தது. உலர்ந்த பொடியைக் கையாளும்போது மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்திலிருந்து கிடைத்ததை எல்லாம் ஒரே பையில் திணிக்காதீர்கள். நிறம், தொட்டால் வழுவழுப்பா சொரசொரப்பா, எந்தப் பரப்பில் ஒட்டியிருந்தது என்று பார்த்துத் தனித்தனியாகப் பிரியுங்கள். கரைக்கு வந்ததும் சின்ன இறால், புழு, பிற பாசி, மணல் எல்லாவற்றையும் இடுக்கியால் பொறுக்கிவிட வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் நான்காகப் பிரிப்பது நல்லது: நுண்ணோக்கிக்குப் பதப்படுத்திய ஒரு துண்டு, டி.என்.ஏ.-வுக்குப் பாதுகாப்புக் கரைசலில் ஒரு துண்டு, வளர்ப்புக்கு உயிரோடு வடிகட்டிய கடல்நீரில் ஒரு துண்டு, மிச்சம் முழுக்க வேதியியலுக்கு. வேதியியல் பங்கை எத்தனாலும் கடல்நீரும் பாதிப்பாதி கலந்த திரவத்தில் போட்டு, ஆய்வகத்தில் உறைபெட்டிக்கு மாற்றலாம். இடத்தின் ஆயத்தொலைவு, ஆழம், தேதி, நீருக்கடியில் எடுத்த படம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவிடுங்கள். அதே கற்றையைத் தேடி மறுபடியும் அங்கே போக வேண்டி வரும் என்பது ஏறக்குறைய நிச்சயம்.

சாறும் முதல் பிரிப்பும்

வழக்கமான முறை இது. டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் 2:1 கலவையில் மாதிரியைப் பல தடவை ஊறவைத்து வடிகட்டி, கரைப்பானைச் சுழல் ஆவியாக்கியில் எடுத்துவிட வேண்டும். அடியில் கரும்பச்சையாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருப்பதுதான் கச்சாச் சாறு. இந்தக் கட்டத்தில் சரக்கு கிராம் கணக்கில் இருக்கும், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள்.

அடுத்து சிலிக்கா நிரப்பிய குழாயில் போட்டு, வெற்றிட உறிஞ்சலில் ஹெக்சேன், ஹெக்சேனோடு கொஞ்சங்கொஞ்சமாக எத்தில் அசிடேட், கடைசியில் மெத்தனால் என்று முனைவுத்தன்மையை ஏற்றிக்கொண்டே போனால் எட்டு ஒன்பது ஃபிராக்ஷன்கள், அதாவது பிரிந்த பங்குகள், கிடைக்கும். குழாயின் மேலிருந்து பார்த்தாலே கதை தெரியும். முதலில் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கரோட்டினாய்டுகள் இறங்கும். பிறகு பச்சையும் சாம்பல் பச்சையுமாகக் குளோரோஃபில்லும் அதன் சிதைவுப் பொருள்களும். நிறம் வெளுத்து இளம்பழுப்பாக வரும் இடம், அதாவது எத்தில் அசிடேட் மட்டும் ஓடும் கட்டத்திலிருந்து அதில் கால்பங்கு மெத்தனால் சேரும் கட்டம்வரை, நம் இடம். சயனோபாக்டீரியாவின் லிப்போபெப்டைடுகள், அதாவது கொழுப்புப் பகுதி ஒட்டிய பெப்டைடுகள், பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

மெத்தனாலில் சாற்றை வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அமிலப் பகுதிகள் மெத்தில் எஸ்டராக மாறலாம். பிற்பாடு “புதுச் சேர்மம்” என்று கொண்டாடப்படும் சில மெத்தில் எஸ்டர்கள் நம் பாட்டிலில் பிறந்தவைதான். சந்தேகம் வந்தால் மெத்தனாலே படாமல் எத்தனாலில் எடுத்த சாற்றிலும் அந்த நிறை தெரிகிறதா என்று பாருங்கள்.

பழசா, புதுசா?

இந்தப் படியை அவசரத்தில் தாண்டுபவர்கள் ஆறு மாதம் உழைத்து 1990-களில் வெளிவந்த ஒரு மூலக்கூறைத் திரும்பக் கண்டுபிடிப்பார்கள். ஃபிராக்ஷன்கள் கைக்கு வந்ததும், எந்தச் செல் சோதனைக்கும் முன்பே, ஒவ்வொன்றிலும் மைக்ரோகிராம் அளவு எடுத்துத் திரவக் க்ரோமட்டோகிராபியோடு இணைத்த, மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டிவிடுங்கள். செலவு கிட்டத்தட்டச் சுழியம், கிடைக்கும் தகவல் ஏராளம்.

முதலில் துல்லிய நிறையைப் பார்க்க வேண்டும். அப்புறம் ஐசோடோப் வடிவம். சயனோபாக்டீரியாவுக்குக் குளோரினும் புரோமினும் பிடிக்கும். இரண்டு அலகு தள்ளி, முதல் உச்சியின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இன்னொரு உச்சி நின்றால் ஒரு குளோரின். இரண்டும் ஏறக்குறைய சம உயரமாக நின்றால் ஒரு புரோமின். பார்பமைட் என்ற சேர்மத்தில் ஒரே கார்பனில் மூன்று குளோரின். அதன் உச்சிக் கூட்டத்தை ஒருதரம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதற்கடுத்து உடைவு வடிவம். ஒத்த அமைப்புள்ள மூலக்கூறுகள் மோதி உடையும்போது ஒத்த துண்டுகளைத் தரும். இந்த ஒற்றுமையை வைத்து ஒரு சாற்றின் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை உறவுமுறைப்படி வலையாகப் பின்னித் தரும் கருவி ஜி.என்.பி.எஸ்., சான் டியாகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பீட்டர் டோரஸ்டீன் குழு உருவாக்கியது. கட்டுரை 2016-ல் வந்தது. இணையத்தில் இலவசம். உங்கள் தரவை ஏற்றினால், தெரிந்த சேர்மங்களோடு ஒட்டி நிற்கும் முடிச்சுகள் பெயரோடு வரும். யாரோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒரு சின்னக் கூட்டம் தெரிந்தால் அங்கே மோப்பம் பிடிக்கலாம். தெரிந்த குடும்பத்தில் ஒரு மெத்தில் கூடியது, ஒரு ஹைட்ராக்சில் குறைந்தது என்று கிடைப்பவையும் வீண் இல்லை. கட்டுரை எழுத உதவும். ஆனால் முதல் மில்லிகிராமை அவற்றில் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். சயனோபாக்டீரியா சேர்மங்களுக்கென்றே சயனோமெட்டிபி என்ற திறந்த தரவுத்தளம் 2021-ல் வந்திருக்கிறது. கடல் சேர்மங்களுக்கு மாரின்லிட். இரண்டிலும் நிறையையும் மூலக்கூறு வாய்பாட்டையும் போட்டுத் தேடிவிட்டுத்தான் அடுத்த வேலை.

செல் சோதனையும் அதன் தொல்லைகளும்

96 குழித் தட்டில் செல்களை வளர்த்து, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்த ஃபிராக்ஷனைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் கழித்து எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று எம்.டி.டி. முறையில் அளப்பது அடிப்படைச் சோதனை. உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் செத்திருக்கிறது. நுரையீரல் புற்றுச் செல் எச்-460, குடல் புற்றுச் செல் எச்.சி.டி.116 இரண்டும் பல ஆய்வகங்களில் புழங்குபவை. கூடவே ஒரு சாதாரண செல்வகையையும் வைத்துக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் கொல்லும் சரக்கு ப்ளீச்சிங் பவுடர் மாதிரி. சுத்தம் செய்யும், மருந்தாகாது.

பொய்யாகக் கொல்லுபவை சில உண்டு. பச்சை ஃபிராக்ஷன்களில் இருக்கும் ஃபியோஃபோர்பைடு வெளிச்சம் பட்டால் செல்லைக் கொல்லும். தட்டை இருட்டில் வைத்து ஒருதரம், வெளிச்சத்தில் ஒருதரம் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கொழுப்பு அமிலங்கள் அடர்த்தியாக இருந்தால் சவ்வைக் கரைத்துவிடும். கடல் உப்பும் சேட்டை செய்யும்.

புற்றுநோயை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இந்த உயிரிகளில் நரம்புச் செல்லின் சோடியம் வாயிலை அடைக்கும் கால்கிடாக்சினும் இருக்கிறது, அதே வாயிலைத் திறந்துவிடும் ஆன்டிலாடாக்சினும் இருக்கிறது. பனாமாவில் கிடைத்த காலினமைட் ஏ, கெதெப்சின் எல் என்ற நொதியை நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவிலேயே முடக்குகிறது. செல் சாகிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் இவற்றின் குணம் தெரிந்தே இருக்காது.

தூய்மையாக்கம்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. சி18 நிரலில், அசிட்டோநைட்ரைலும் தண்ணீரும் ஓடவிட்டு, எச்.பி.எல்.சி. என்ற உயர் அழுத்தத் திரவக் க்ரோமட்டோகிராபியில் உச்சி உச்சியாகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் செல் சோதனையை மறுபடி செய்து, வீரியம் எந்த உச்சியோடு போகிறது என்று பின்தொடருங்கள். வீரியம் திடீரென்று காணாமல் போனால் இரண்டு காரணம் இருக்கலாம்: சேர்மம் சிதைந்திருக்கும், அல்லது இரண்டு சேர்மங்கள் சேர்ந்து செய்த வேலையாக இருந்திருக்கும். இதற்காகவே ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் பழைய ஃபிராக்ஷனை உறைபெட்டியில் விட்டுவைக்க வேண்டும். கண்ணாடிக் குப்பியின் வெறும் எடையை முன்கூட்டியே நான்கு தசமம்வரை எழுதி ஒட்டிவைப்பது நல்ல பழக்கம். ஒரு மில்லிகிராம் சேர்மத்தை வேறெப்படியும் நம்பகமாக எடை பார்க்க முடியாது.

அமைப்பு: அழியாதது முதலில், அழிவது கடைசியில்

சரி, குப்பியின் அடியில் வெள்ளைப் படலமாக ஒன்றரை மில்லிகிராம் இருக்கிறது. இதை எப்படிச் செலவழிப்பது?

என் வரிசை இது. முதலில் என்.எம்.ஆர்., அதாவது அணுக்காந்த ஒத்ததிர்வு நிறமாலை. அதில் போன சரக்கு கரைப்பானை ஆவியாக்கினால் திரும்ப வந்துவிடும். நுண்குழாய் ஆய்வியும் குளிர்முனையும் உள்ள கருவி கிடைத்தால் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவிலேயே முழுத் தரவை எடுக்கலாம். புரோட்டான் நிறமாலையிலேயே குடும்பம் தெரியும். 4-க்கும் 5.5 பி.பி.எம்.-க்கும் இடையில் கொத்தாக உச்சிகள் இருந்தால் பெப்டைடின் ஆல்ஃபா புரோட்டான்கள். 2.8 முதல் 3.2 வரை கூர்மையான ஒற்றை உச்சிகள் நின்றால் நைட்ரஜனில் மெத்தில் ஏறிய அமினோ அமிலங்கள், சயனோபாக்டீரியாவின் கைரேகை. 7-க்கு மேல் தனியாக நிற்பது தையசோலாக இருக்கலாம். டோலாஸ்டாட்டின் 10-ன் ஒரு முனையிலும் தையசோல் உண்டு. எல்லா உச்சிக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு இரட்டை தெரிகிறதே, சேர்மம் சுத்தமில்லையோ என்று பதற வேண்டாம். மெத்தில் ஏறிய அமைடு பிணைப்பு இரண்டு நிலைகளில் நிற்கும், இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கரைப்பானை மாற்றியோ சூட்டை ஏற்றியோ பார்த்தால் விகிதம் மாறும். அப்போது அது கலப்படம் இல்லை என்று புரியும். எந்த அணு எதோடு பிணைந்திருக்கிறது என்று காட்டும் என்.எம்.ஆர். சோதனைகளான கோஸி, எச்.எஸ்.க்யூ.சி., எச்.எம்.பி.சி. மூன்றையும் எடுத்து, துண்டு துண்டாகக் கட்டி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் உடைவு வரிசையோடு ஒப்பிட்டால் தட்டையான அமைப்பு கிடைத்துவிடும். எச்.எம்.பி.சி.-க்கு ஒரு முழு இரவை ஒதுக்குங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் செல் சோதனைக்கும் இலக்கு ஆய்வுக்கும் ஒரு பங்கைத் தனிக் குப்பியில் பிரித்து மூடிவிடுங்கள். யார் கேட்டாலும் திறக்கக் கூடாது.

கடைசியாக, திரும்பி வராத வேலை: முப்பரிமாண அமைப்பு. ஒவ்வொரு அமினோ அமிலமும் எல் வகையா டி வகையா என்று பார்க்க வேண்டும். சேர்மத்தில் 0.1 அல்லது 0.2 மில்லிகிராமை 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மூடிய குழாயில், 110 டிகிரியில் இரவு முழுக்கக் கொதிக்கவிட்டால் பெப்டைடு தனித்தனி அமினோ அமிலங்களாக அவிழ்ந்துவிடும். அமிலத்தை முழுக்க உலர்த்திவிட்டு, பீட்டர் மார்ஃபி 1984-ல் அறிமுகப்படுத்திய வினைப்பொருளை அசிட்டோனில் கரைத்துச் சேர்த்து, சோடியம் பைகார்பனேட்டோடு 40 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். கரைசல் மஞ்சளாகும். அமிலம் விட்டு வினையை நிறுத்தி, எச்.பி.எல்.சி.-யில் 340 நானோமீட்டரில் பார்த்தால், பெரும்பாலான அமினோ அமிலங்களில் எல் வகை முன்னால் வரும், டி பின்னால் வரும். கடையில் வாங்கிய தூய எல், டி மாதிரிகளுக்கும் இதையே செய்து பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். மெத்தில் ஏறிய அமினோ அமிலங்களில் இடைவெளி சுருங்கிவிடும், அங்கே மார்ஃபி வினைப்பொருளின் லூசின் அமைடு வகை கை கொடுக்கும். ஹைட்ராக்சி அமிலங்களில் அமினோ தொகுதி இல்லை என்பதால் இந்த முறையே வேலை செய்யாது. அவற்றுக்கு எல், டி இரண்டையும் நேரடியாகப் பிரிக்கும் கைரல் நிரல் வேண்டும்.

இதில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பிசகலாம் என்பதற்குக் கோயிபமைட் ஏ சாட்சி. 2008-ல் வெளியான அமைப்பை அப்படியே தொகுத்துப் பார்த்தபோது இயற்கைப் பொருளோடு அது பொருந்தவில்லை. 2015-ல்தான் இரண்டு இடங்களில் எல் என்று எழுதியது உண்மையில் டி என்று தெரிந்தது: ஒன்று ஹைட்ராக்சி அமிலம், இன்னொன்று மெத்தில் ஏறிய அலனைன். மேலே சொன்ன இரண்டு தொல்லைகளும் ஒரே மூலக்கூறில்! அதனால்தான் ஒரு அமைப்பை ஏற்றுக்கொள்வதற்கு முன், செயற்கையாகத் தொகுத்தது இயற்கைப் பொருளோடு பொருந்துகிறதா என்று காத்திருந்து பார்க்கலாம் என்பார்கள். டோலாஸ்டாட்டின் 10-க்கும் 1989-ல் பெட்டிட் குழு செய்த முழுத் தொகுப்புதான் முப்பரிமாண அமைப்பை உறுதி செய்தது.

எங்கே போய்த் தைக்கிறது

அமைப்பு தெரிந்ததும் இலக்கைத் தேட வேண்டும். சில சமயம் அமைப்பே சொல்லிவிடும். இதற்கு லார்கசோலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2008-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லூஷ் குழு அதை வெளியிட்டபோது, அதன் ஒரு கை ஏற்கெனவே மருத்துவச் சோதனையில் இருந்த ரோமிடெப்சினின் கையை உரித்து வைத்திருந்தது. ரோமிடெப்சின் வேறொரு பாக்டீரியாவின் சரக்கு. டி.என்.ஏ.-வைச் சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலிருந்து அசிட்டைல் தொகுதியை வெட்டும் நொதிகளை அது முடக்கும். அதே கை என்றால் அதே இலக்காக இருக்கலாம் என்று சோதித்தார்கள், இருந்தது. லார்கசோலின் தையோஎஸ்டர் உடலுக்குள் அவிழ்ந்து, வெளிப்படும் கந்தகம் நொதியின் நடுவிலிருக்கும் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த எஸ்டர் ஒரு மூடி. செல்லுக்குள் நுழையும்வரை கந்தகத்தைக் காப்பாற்றுகிறது.

எல்லாம் இப்படி எளிதாக அமையாது. செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, பிரியும் கட்டத்தில் உருண்டையாக நின்றுவிட்டிருந்தால் செல் பிரியும்போது இழைகளாகக் கோக்கும் டியூபுலின் என்ற புரதத்தைச் சந்தேகிக்கலாம். டோலாஸ்டாட்டின் 10, 1994-ல் வில்லியம் கெர்விக் குழு கியூரசாவ் தீவிலிருந்து எடுத்த கியூரசின் ஏ இரண்டும் அந்த ரகம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 60 செல்வகைத் தொகுப்பில் ஓட்டினால், எந்தச் செல் அதிகம் சாகிறது, எது தாங்குகிறது என்ற வடிவத்தைத் தெரிந்த மருந்துகளோடு ஒப்பிடலாம். கோயிபமைட் எதோடும் பொருந்தவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் ஆர்வம் வந்தது. பிற்பாடு அதுவும் அப்ராடாக்சினும் புதுப் புரதங்களைச் செல்லின் சுரப்புப் பாதைக்குள் நுழைக்கும் செக்61 என்ற வாயிலை அடைக்கின்றன என்று தெரிந்தது.

சரக்கு எங்கிருந்து வரும்

எலிச் சோதனைக்கே பத்துக்கணக்கில், நூற்றுக்கணக்கில் மில்லிகிராம் வேண்டும், மனிதச் சோதனைக்குக் கிராம் கணக்கில். கடலுக்குத் திரும்பிப் போய் அள்ளுவது தீர்வாகாது. அதே இடத்தில் அடுத்த பருவத்தில் அதே கற்றை இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை, இருந்தாலும் அதே சேர்மத்தைத் தயாரிக்கும் என்று சொல்ல முடியாது.

வளர்ப்பது ஒரு வழி. கடல்நீர் அடிப்படையிலான ஊடகத்தில், மெல்லிய வெளிச்சத்தில், மூரீனா மெதுவாக வளரும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற உயிரி இல்லை. கூடவே ஒட்டியிருக்கும் பிற பாக்டீரியாவை முழுக்க நீக்குவதும் பெரும்பாடு. மரபணுக் கொத்தை வேறு உயிரிக்கு மாற்றுவது இன்னொரு வழி. லிங்பியாடாக்சின் ஏ-யை 2013-ல் ஈ. கோலியில் செய்ய வைத்தார்கள். அது சின்னக் கொத்து. பெரிய பெப்டைடுகளின் கொத்துகள் நீளமானவை, அடம்பிடிப்பவை.

நடைமுறையில் வென்றது செயற்கைத் தொகுப்பு. இந்தச் சேர்மங்கள் பெரும்பாலும் பெப்டைடு என்பதால் துண்டு துண்டாகச் செய்து கோக்க முடியும். லார்கசோல் வெளியான அதே வருடத்தில் பல குழுக்கள் அதைத் தொகுத்துவிட்டன. தொகுக்க முடிந்தால் இன்னொரு லாபமும் உண்டு: இயற்கை தராத மாற்றங்களை நாமே செய்து பார்க்கலாம். கியூரசின் ஏ தண்ணீரில் கரையாமல் முடங்கியது போன்ற சிக்கல்களுக்கு வேறு வழியும் கிடையாது.

நஞ்சை ஊசிமருந்தாக்குவது

டோலாஸ்டாட்டின் 10-ஐ 1990-களில் நேரடியாகவே மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி போதிய அளவு சுருங்கவில்லை. கை கால் நரம்பு பாதித்தது. ஆரிஸ்டாட்டின் பி.இ. என்ற திருத்திய வடிவமும் மருத்துவச் சோதனைகளைத் தாண்டி மருந்தாகவில்லை. அங்கேயே கதை முடிந்திருக்கும்.

சியாட்டில் ஜெனடிக்ஸ் நிறுவனம் வேறு மாதிரி யோசித்தது. சேர்மத்தின் தையசோல் முனைக்குப் பதில் எளிய ஒன்று இருக்கும் வடிவத்தில், மறுமுனையில் இருந்த இரண்டு மெத்திலில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். மெத்தில் போன இடத்தில் ஒரு கொக்கியை மாட்ட முடிந்தது. இதுதான் எம்.எம்.ஏ.இ. கொக்கியின் மறுபக்கம் சி.டி.30 என்ற புரதத்தைத் தேடிப்பிடிக்கும் ஆன்டிபாடி. லிம்ஃபோமா செல்லின் மேல் சி.டி.30 நிறைய இருக்கும், சாதாரண செல்களில் மிகக் குறைவு. ஆன்டிபாடி ஒட்டியதும் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே லைசோசோமில் இருக்கும் கெதெப்சின் நொதி, வாலின், சிட்ருலின் என்ற இரண்டு அமினோ அமிலங்களால் ஆன கொக்கியை வெட்டும். எம்.எம்.ஏ.இ. அவிழ்ந்து டியூபுலினைப் பிடிக்கும். ஒரு ஆன்டிபாடிக்குச் சராசரியாக நான்கு மூலக்கூறு.

அதே எம்.எம்.ஏ.இ.-யை வேறு ஆன்டிபாடிகளில் மாட்டி, 2019-ல் பொலடுசுமாப் வெடோட்டினுக்கும் என்ஃபோர்டுமாப் வெடோட்டினுக்கும், 2021-ல் டிசோடுமாப் வெடோட்டினுக்கும் அனுமதி வாங்கினார்கள். நரம்புப் பாதிப்பு இவற்றிலும் முழுக்கப் போய்விடவில்லை, மருத்துவர்கள் அதைக் கவனித்தே அளவை மாற்றுகிறார்கள்.

ஆய்வு மாணவருக்கு இதிலிருந்து உடனடியாகப் பயன்படுவது ஒன்று: உங்கள் சேர்மம் எல்லாச் செல்லையும் பிகோமோலாரில் கொல்கிறது என்றால் அதைக் குப்பையில் போட வேண்டாம். எந்த இடத்தில் கொக்கி மாட்டினால் வீரியம் குறையாது என்று பாருங்கள்.

கடலும் காசும் இல்லாதவர்கள் எங்கே தொடங்கலாம்

ஒரு மடிக்கணினியும் இணையமும் போதும். சயனோபாக்டீரியா மரபணுத்தொகுதிகள் நிறையவே பொதுவில் கிடக்கின்றன. 2011-ல் வெளிவந்த ஆன்டிஸ்மாஷ் என்ற இலவசக் கருவியில் ஒன்றை ஏற்றினால், பெப்டைடும் பாலிகீட்டைடும் கட்டும் மரபணுக் கொத்துகளைப் பிரித்துக் காட்டும், தெரிந்த கொத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்றும் சொல்லும். ஒத்துப்போகாத கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எந்தெந்த அமினோ அமிலங்களைக் கோக்கும், எங்கே மெத்தில் ஏற்றும், குளோரின் சேர்க்கும் நொதி இருக்கிறதா என்று காகிதத்தில் வரைந்து, வரக்கூடிய நிறையைக் கணக்கிடுங்கள். பிறகு ஜி.என்.பி.எஸ்.-ஸில் பொதுவில் இருக்கும் சயனோபாக்டீரியா தரவுகளில் அந்த நிறை எங்காவது தென்படுகிறதா என்று தேடுங்கள். தென்பட்டால், எந்த ஆய்வகத்துக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும் என்பது அந்தத் தரவின் பக்கத்திலேயே இருக்கும்.